மண் இறுக 14 ஆண்டுகள், மானியமோ 3 ஆண்டுகள்

பத்து பஹாட், பொந்தியான் பக்கம் பேருந்தில் போனவர்களுக்கு இது தெரியும். பாலத்தில் ஏறும்போது வண்டி ஒரு முறை தூக்கிப் போடும். இறங்கும்போது இன்னொரு முறை. சில தாமான்களில் வீடு அசையாமல் நிற்கும். ஆனால் அதைச் சுற்றிப் போட்ட சிமெண்டுத் தரை மட்டும் கீழே இறங்கி, சுவரை விட்டு விலகியிருக்கும். கட்டியவர்களின் வேலை சரியில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அடியில் இருக்கும் மண்தான்.

பாலமும் வீடும் ஆழத்தில் உள்ள கெட்டியான மண்வரை இறக்கிய தூண்களின் மேல் நிற்கின்றன. சாலையும் சிமெண்டுத் தரையும் மேலேயுள்ள மென்மையான களிமண்ணின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. களிமண் இறங்கினால் அவையும் இறங்குகின்றன.

இதை வகுப்பில் சொன்னபோது படிவம் 4 மாணவர் ஒருவர் கேட்டார்: “மண்ணை ஆராய்ச்சி செய்யவா டீச்சர் அரசாங்கம் காசு கொடுக்குது?” நல்ல கேள்வி. பதில் சொல்ல முதலில் அந்த மண்ணைப் பார்ப்போம்.

களிமண் ஏன் இறங்குகிறது?

பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தது. ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்பு மலாக்கா நீரிணையின் நீர்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. அந்தக் காலத்தில் கடலடியில் படிந்த நுண்ணிய களிமண்தான் ஜொகூரின் மேற்குக் கரையோரச் சமவெளியில் பரவிக் கிடக்கிறது. சில இடங்களில் 1 கிலோ உலர்ந்த களிமண்ணோடு ஏறக்குறைய 1 கிலோ நீரும் சேர்ந்திருக்கும்.

இதன் மேல் சாலை போட்டால் பாரம் தாங்காமல் நீர் மெல்ல வெளியேறுகிறது. நீர் போன அளவுக்கு மண் சுருங்குகிறது. இதை இறுகல் என்கிறோம். மணலில் துகள்களுக்கு இடையே உள்ள வழி பெரிது என்பதால் நீர் உடனே ஓடிவிடும். களிமண்ணில் வழி மிக மிகச் சிறியது.

எவ்வளவு காலம் ஆகும்? இதைக் கணக்கிடும் வழியைக் கண்டவர் கார்ல் டெர்சாகி. இஸ்தான்புல்லில் ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, தாமே செய்துகொண்ட எளிய கருவிகளால் களிமண்ணைச் சோதித்தார். 1925இல் அவர் வெளியிட்ட நூல் மண் இயந்திரவியல் என்ற துறைக்கே அடித்தளம் ஆனது. அவர் கண்டது: களிமண் அடுக்கின் தடிமன் இரு மடங்கானால், இறுகும் நேரம் நான்கு மடங்காகும். அதாவது நேரம் தடிமனின் வர்க்கத்திற்கு ஏற்ப மாறும்.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஆய்வகத்தில் 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு மாதிரி இறுக அரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே களிமண் நிலத்தடியில் 10 மீட்டர் தடிமனில் இருக்கிறது. தடிமன் 500 மடங்கு. எனவே நேரம் 500 × 500 = 250,000 மடங்கு. அரை மணி நேரத்தை அதால் பெருக்கினால் 125,000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 14 ஆண்டுகள்!

இடிந்து விழுவதற்காகவே கட்டிய கரை

வட தென் நெடுஞ்சாலையைத் திட்டமிட்டபோது பொறியியலாளர்கள் முன் இந்தச் சிக்கல் நின்றது. ஆகவே 1980களில் மலேசிய நெடுஞ்சாலை வாரியம் மூவார் சமவெளியில் பல சோதனை மண்கரைகளைக் கட்டியது. களிமண்ணை இறுக்கும் பல முறைகள் அங்கே சோதிக்கப்பட்டன. ஒரு கரையை மட்டும் எந்த முறையும் பயன்படுத்தாமல், சரிந்து விழும்வரை உயர்த்திக்கொண்டே போனார்கள். எந்த உயரத்தில் விழும் என்று பல நாட்டு நிபுணர்களிடம் முன்கூட்டியே கணிப்பு கேட்டார்கள். கணிப்புகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டன. கரை விழுந்தது 5.4 மீட்டர் உயரத்தில்.

இந்த அளவீடுகளை ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவர் அப்போது பாங்காக்கிலுள்ள ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் ஏ.எஸ். பாலசுப்பிரமணியம். இன்றும் உலகின் பல நாடுகளில் புதிய கணக்கீட்டு முறைகளைச் சரிபார்க்க மூவார் கரையின் அளவீடுகளை எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். விழுவதற்காகவே ஒரு கரையைக் கட்டி, கிடைத்த முடிவை எல்லாருக்கும் பகிர்ந்துகொடுக்க எந்தத் தனியார் நிறுவனம் முன்வரும்? செலவு அதனுடையது, பயனோ போட்டியாளருக்கும் போகும். அதனால்தான் இத்தகைய ஆய்வுக்குப் பொதுப்பணம் தேவைப்படுகிறது. பயன் சாலையில் போகும் அனைவருக்கும் என்பதால், செலவையும் அனைவரும் சேர்ந்து ஏற்கிறோம்.

களிமண்ணின் மேலேயே ஒரு பல்கலைக்கழகம்

பத்து பஹாட்டுக்கு அருகே பாரிட் ராஜாவில் துன் ஹுசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1993இல் பொலிடெக்னிக் ஆசிரியர்களுக்கான பயிற்சி மையமாகத் தொடங்கியது. 2007இல் பல்கலைக்கழகமானது. அதன் வளாகம் நிற்பதே மென்களிமண்ணின் மேல். அங்கே மென்மண்ணுக்கென்றே ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது. பாரிட் ராஜாவின் களிமண், பாரிட் நிப்பாவின் கரிமண் ஆகியவற்றை அங்குள்ள ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள். சிமெண்டு கலந்தால் என்ன ஆகும், பாரம் ஏற்றினால் எவ்வளவு இறங்கும் என்பவை அவர்களின் கேள்விகள்.

இத்தகைய ஆய்வுக்குப் பணம் வரும் வழிகளில் ஒன்று உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியத் திட்டம். விரிவுரையாளர் தம் கேள்வியையும் செலவுக் கணக்கையும் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். துறை நிபுணர்கள் அதை மதிப்பிடுவார்கள். போட்டி கடுமை. பணம் கிடைத்தபின் முன்னேற்ற அறிக்கை தரவேண்டும். பொதுப்பணம் என்பதால் கணக்குக் கேட்பதுதான் முறை.

அந்தப் பணம் கருவிகளுக்கும் சோதனைகளுக்கும் போகிறது. இன்னொரு பகுதி ஆய்வு உதவியாளராகச் சேரும் முதுகலை மாணவரின் மாத உதவித்தொகையாகிறது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளை பட்டத்தோடு நின்றுவிடாமல் மேலே படிக்க இது ஒரு வழி. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இந்த வாய்ப்பு இருந்தால், பெற்றோருக்கும் செலவு குறையும்.

சிக்கல் எங்கே?

இத்தகைய மானியம் பொதுவாக 2 அல்லது 3 ஆண்டுகளுக்குத்தான். நம் கணக்கின்படி மண்ணுக்கோ 14 ஆண்டுகள். களிமண்ணுக்குள் செங்குத்தாகப் பிளாஸ்டிக் வடிகால் பட்டைகளை இறக்கினால் நீர் போகவேண்டிய தூரம் குறைந்து, பல ஆண்டுகள் சில மாதங்களாகச் சுருங்கும். ஆனால் அந்தச் சாலை பத்து ஆண்டு கழித்தும் நேராக இருக்கிறதா என்று பார்க்க யாராவது தொடர்ந்து அளந்துகொண்டிருக்க வேண்டும். மானியம் முடிந்து, மாணவர் வேறு வேலைக்குப் போய், கருவி பழுதாகிவிட்டால் அளவீடு பாதியில் நின்றுவிடும். விட்டுப்போன ஆண்டின் அளவீட்டை எவ்வளவு பணம் கொடுத்தாலும் பின்னால் பெற முடியாது. ஆகவே ஒரே தடவை பெருந்தொகை கொடுப்பதைவிட, நிலையான ஆட்களும் ஆய்வகமும் இருக்கும்படி ஆண்டுதோறும் உதவுவது இத்துறைக்கு அதிகம் பயன்படும். உள்ளூர்க் கல்வி நிலையங்களுக்கான நிதி பற்றிய செய்தியை அடுத்த முறை படிக்கும்போது, தொகையோடு கால அளவையும் பாருங்கள்.

மாணவர்களே, இந்தத் துறைக்கு வர இயற்பியலும் கூடுதல் கணிதமும் பெரிதும் உதவும். எஸ்பிஎம் முடித்து மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்டிபிஎம் வழியாகப் போகலாம். பொலிடெக்னிக்கில் பொறியியல் டிப்ளோமா முடித்தும் பட்டப்படிப்பில் சேரலாம். 1997இல் தொடங்கப்பட்ட பிடிபிடிஎன் கல்விக் கடன் உண்டு. அது கடன், திருப்பிக் கட்டவேண்டும் என்பதையும் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

அதுவரை ஒரு சிறு சோதனை. உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ சுவருக்கும் சிமெண்டுத் தரைக்கும் இடையே இடைவெளி இருந்தால், ஒரே இடத்தில் மாதம் ஒரு முறை அளவுகோலால் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். ஓராண்டு கழித்து வரைபடம் போட்டுப் பாருங்கள்.