விரலுக்கு இசைந்த பொத்தான் பெட்டி

கருவிக்கேற்பக் கையை வளைப்பதா, கைக்கேற்பக் கருவியைச் சமைப்பதா என்னும் வினா மிகப் பழமையானது. கடற்கரையில் வாழும் எமக்கு அதன் விடை புதிதன்று. வலிப்பவன் கைக்கு இசையாத துடுப்பை எவரும் நெடுந்தொலைவு வலிப்பதில்லை.

யான் தமிழாசிரியன், மின்னியல் என் துறையன்று. ஆயினும் என் வகுப்பு மாணாக்கன் ஒருவன் பொருட்டு அதனைச் சிறிது கற்க நேர்ந்தது. அவனது வலக்கைப் பெருவிரல் பிறவியிலேயே மடங்காது. கணினி விளையாட்டுக்கெனக் கடைகளில் விற்கப்படும் கைப்பிடிக் கருவிகளோ இரு பெருவிரல்களையுமே பெரிதும் நம்பி நிற்பவை. தோழர் ஆடும்போது அவன் பின்னே நின்று பார்ப்பான். அழைத்தால், "எனக்கு விருப்பமில்லை, ஐயா" என்பான். அது மெய்யன்று என்பதை உணர நெடுநாள் வேண்டியிருக்கவில்லை.

இத்தகைய கருவியைக் கையாற் செய்துகொள்ளுதல் புதிய வழக்கமன்று. அமெரிக்காவின் மசாசுசெற்சுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1962ஆம் ஆண்டு ஸ்டீவ் ரசலும் தோழரும் 'ஸ்பேஸ்வார்' என்னும் விளையாட்டைப் பீடிபீ-1 கணினியில் அமைத்தனர். கணினியின் முகப்பிலிருந்த ஆளிகளைத் தட்டியே அதனை ஆடவேண்டியிருந்தமையால் முழங்கைகள் நொந்தன. எனவே அலன் கொட்டொக், பொப் சோண்டர்சு ஆகிய இருவரும் மாதிரிப் புகையிரதக் கழகத்திற் கிடந்த பழம்பொருள்களைக் கொண்டு தனிப் பெட்டிகள் செய்தனர். சுடும் பொத்தான் ஓசை எழுப்பின் எதிராளி விழித்துக்கொள்வான் என்று, அதனை ஓசையின்றி அமைத்தனராம்!

இனிச் செய்முறையைக் கூறுவாம். வேண்டுவன: மெல்லிய பலகைப் பெட்டி ஒன்று, பன்னிரண்டு பொத்தான்கள், மின்கம்பி, ராஸ்பெரி பை பிக்கோ என்னும் சிறு மின்சுற்றுப் பலகை. இப்பலகை 2021இல் நான்கு டொலர் விலையில் வெளிவந்தது. பொத்தான்களை இணைக்கத்தக்க இருபத்தாறு முனைகள் இதிலுண்டு.

முதலில், ஆடுவோன் தன் கைகளைத் தாளின்மேல் இயல்பாக வைக்க, விரல்நுனி படும் இடங்களைக் குறிக்க. அக்குறிகளே துளையிடும் இடங்கள். பொத்தானின் பருமனுக்கேற்ப 24 அல்லது 30 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளைகள் இடுக. இடம், கீழ், வலம் ஆகிய திசைகள் இடக்கையின் மூன்று விரல்களுக்கும், மேற்றிசை இடப் பெருவிரலுக்கும் உரியன. எஞ்சிய எட்டும் வலக்கை விரல்களுக்கு.

ஒவ்வொரு பொத்தானுக்கும் இரு கால்கள் உண்டு. ஒரு காலைப் பலகையின் தனித்தனி முனையோடும், மற்றைக் கால்கள் யாவற்றையும் ஒரே கம்பியாற் கோத்துப் பொதுமுனையோடும் பற்றாசு வைத்து இணைக்க. பொத்தான் அழுத்தப்படாதபோது முனை, உள்ளமைந்த தடையியின் வழியாக 3.3 வோல்ற்றில் நிற்கும். அழுத்தியதும் பூச்சியத்திற்கு இறங்கும். அவ்விறக்கத்தையே கணினி கட்டளையாகக் கொள்ளும். இதற்கான ஜீபி2040-சீஈ என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. பலகையிலுள்ள சிறு பொத்தானை அழுத்தியவாறே அதனைக் கணினியோடு இணைத்து, அம்மென்பொருட் கோப்பினைப் படியெடுத்து இட்டால் போதும்.

ஈண்டு இரு இடர்கள் நோக்கத்தக்கன. உலோகமுனைகள் ஒன்றையொன்று தொடும்போது சில மில்லிசெக்கன் துள்ளும். ஒருமுறை அழுத்தியது பன்முறையாகப் பதியக்கூடும். ஆதலின் அக்குறுகிய நேரத்து அதிர்வை மென்பொருள் புறக்கணிக்கவேண்டும். மற்றொன்று, பொத்தானில் இடமும் வலமும் ஒருங்கே அழுத்தப்படலாம். 'வா' என்றும் 'போ' என்றும் ஒரே மூச்சில் ஏவினால் ஏவப்பட்டவன் என் செய்வான்? இரண்டும் சேர்ந்தால் அசையாது நிற்க என்று விதித்தலே தக்கது.

மூன்றாவது இடர் எம் மண்ணுக்குரியது. அதனை யாம் பட்டே அறிந்தோம். முதற்பெட்டியிற் சிக்கனங் கருதித் தகரத் துண்டுகளையே தொடுமுனையாக வைத்தோம். உப்பு விளையும் புத்தளத்துக் கடற்காற்று அவற்றைச் சில வாரங்களில் துருவேற்றிவிட்டது. பின்னர் மூடிய ஆளிகளையும் பித்தளைத் திருகாணிகளையும் கொண்டோம்.

அதனினும் பெரிய பிழை என்னுடையது. முதற்பெட்டியின் துளைகளை என் கையை அளந்தே இட்டிருந்தேன். அவன் ஆடிப்பார்த்துவிட்டு, "இது உங்கள் கை, ஐயா" என்றான். இரண்டாம் பெட்டிக்கு அவனே தன் கையை வரைந்தான். துளையிட்டதும் பற்றாசு வைத்ததும் அவனே. இன்று பழுதானவற்றைத் தோழர் அவனிடம் கொண்டுவருகின்றனர்.

கையியக்கம் குன்றியோர்க்கென மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2018இல் ஒரு கருவியை வெளியிட்டது. அவரவர்க்கு ஏற்ற ஆளிகளை இணைக்கும் பொருட்டு அதில் பத்தொன்பது துளைகள் வைத்தனர். பெருநிறுவனம் உணர்ந்த அவ்வுண்மையை ஒரு பலகைத் துண்டும் சில கம்பிகளும் எமக்கு உணர்த்தின. கல்வியும் அவ்வாறே: மாணாக்கன் கையை முதலில் அளந்தறிதல் ஆசிரியன் கடன். பழைய மாணவர்காள்! நும் வீட்டில் வாளாகிடக்கும் கம்பியையும் ஆளியையும் கல்லூரிக்கு அனுப்புங்கள். அவற்றுக்காகக் காத்திருக்கும் கைகள் இங்கே உள.