மெஸ்ஸியை யார் பிடிப்பது? கனவு அணிகள் சொல்லும் கால்பந்துக் கணக்கு!

கரிஞ்சாவை மால்தினி தடுத்திருப்பாரா? மெஸ்ஸிக்கு எதிரே பெக்கன்பவர் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாஷினைத் தாண்டி ரொனால்டோ கோல் போட்டிருப்பாரா?

உலகக் கோப்பை முடிந்தாலும் முடியாத விவாதங்கள் இவை. ஆளுக்கொரு பேப்பரை எடுத்து, எல்லாக் காலத்துக்குமான 11 பேரை எழுதி, 'என் டீம் உன் டீமை ஜெயிக்கும்' என்று சவால் விடுவது உலகம் முழுக்க ரசிகர்களுக்குப் பிடித்த விளையாட்டு. பெரும்பாலும் இது 'யார் பெரிய ஆள்' என்ற சண்டையாகவே முடிந்துவிடும். ஆனால், 'யாரை யார் கவனிப்பது, அப்போது எந்த இடம் காலியாகும்' என்று கேட்கத் தொடங்கினால், இதே விளையாட்டு கால்பந்தைப் புரியவைக்கும் நல்ல பாடமாகிவிடும்.

இரண்டு நிஜப் பட்டியல்களையே எடுத்துக்கொள்வோம். 1998-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட 20-ம் நூற்றாண்டின் உலக அணி: கோல்கீப்பர் யாஷின், தடுப்பில் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ, பெக்கன்பவர், பாபி மூர், நில்டன் சாண்டோஸ், நடுவில் க்ரைஃப், டி ஸ்டெஃபானோ, பிளாட்டினி, முன்னால் கரிஞ்சா, மரடோனா, பீலே.

2020-ல் 'பிரான்ஸ் ஃபுட்பால்' பத்திரிகை நடத்திய வாக்கெடுப்பில் வந்த கனவு அணி: யாஷின், கஃபு, பெக்கன்பவர், மால்தினி, ஸாவி, மத்தேயஸ், பீலே, மரடோனா, மெஸ்ஸி, பிரேசிலின் ரொனால்டோ, போர்ச்சுகலின் கிறிஸ்டியானோ ரொனால்டோ.

யாஷின், பெக்கன்பவர், பீலே, மரடோனா நால்வரும் இரண்டு அணியிலும் இருக்கிறார்கள். அவர்களை இரு பக்கமும் சமமாக வைத்துவிட்டு, மற்றவர்களை மோதவிட்டுப் பார்க்கலாம்.

மெஸ்ஸி உள்ளே வந்தால்..?

2020 அணியில் மெஸ்ஸி வலது ஓரம். அவருக்கு எதிரே 1998 அணியின் இடது தடுப்பாட்டக்காரர் நில்டன் சாண்டோஸ். 1958, 1962 என இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற பிரேசில் வீரர். வலது ஓர வீரர்களைச் சமாளிப்பதில் அவருக்கு இருந்த பயிற்சி வேறு யாருக்கும் கிடைத்திருக்காது. ஏனென்றால், பொட்டாஃபோகோ கிளப்பில் அவருடைய சக வீரர் கரிஞ்சா!

ஆனால், கரிஞ்சாவைப் பார்த்துப் பழகியது மெஸ்ஸிக்கு எதிராக உதவாது. கரிஞ்சா தடுப்பாட்டக்காரரை வெளிப்பக்கமாகத் தாண்டி, கோட்டை ஒட்டி ஓடி, வலது காலால் பந்தைக் கோல் முன்னால் அனுப்புபவர். மெஸ்ஸி இடது கால்காரர். வலது ஓரத்திலிருந்து உள்ளே திரும்பி, மைதானத்தின் நடுப்பகுதிக்கு வருவார். ஓரத்தைக் காக்கும் வீரர் அவர் பின்னாலேயே ஓடினால் ஓரம் காலி. ஓடாவிட்டால் மெஸ்ஸி கோலை நோக்கித் தனியாக வருவார்.

அப்படி அவர் வரும் இடத்தில் காத்திருக்க வேண்டியவர், தடுப்பு வரிசைக்கு முன்னால் நிற்கும் நடுக்கள வீரர். 1998 அணியில் அந்த வேலையைச் செய்ய யார் இருக்கிறார்கள்? க்ரைஃப், டி ஸ்டெஃபானோ, பிளாட்டினி. மூவருமே தாக்குதலுக்குப் பேர் போனவர்கள். மைதானம் முழுக்க ஓடி, தன் கோல் பக்கம் வரை வந்து பந்தைப் பறிக்கும் வழக்கம் டி ஸ்டெஃபானோவுக்கு உண்டு. ஆகவே அந்த வேலை அவர் தலையில்தான் விழும். அப்போது தாக்குதலில் ஓர் ஆள் குறையும். மெஸ்ஸியைத் தடுக்க அந்த அணி கொடுக்கும் விலை அது.

கரிஞ்சாவுக்கு எதிரே ஒற்றை ஆள்

இனி எதிர்ப்பக்கம். 2020 அணியில் தடுப்பாட்டக்காரர்கள் மூன்றே பேர். இடது பக்கம் மால்தினி. 25 சீசன்கள் ஏ.சி.மிலனுக்காகவே ஆடியவர். எதிராளி ஓடப்போகும் இடத்தை முன்கூட்டியே கணித்து, அங்கே போய் நின்றுகொள்ளும் சாமர்த்தியம் கொண்டவர். கரிஞ்சாவை ஒற்றைக்கு ஒற்றையாகச் சந்திக்க அவரைவிடப் பொருத்தமான ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சிக்கல் மால்தினியிடம் இல்லை, அவருக்கு முன்னால் இருக்கிறது. அதே இடது பக்கத்தில் மேலே ஆடுபவர் கிறிஸ்டியானோ ரொனால்டோ. கோல் அடிக்கும் வேலைக்காக அவர் முன்னாலேயே நிற்க வேண்டும். கரிஞ்சாவுக்குத் துணையாக கார்லோஸ் ஆல்பெர்ட்டோவும் பின்னாலிருந்து ஓடிவந்தால், ஒரு மால்தினிக்கு இரண்டு பிரேசில்காரர்கள்!

கார்லோஸ் ஆல்பெர்ட்டோ அப்படி ஓடிவந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1970 உலகக் கோப்பை இறுதிப் போட்டி சாட்சி. இத்தாலியின் ஃபக்கெட்டி, பிரேசிலின் ஜெர்சின்ஹோவை நிழல் போலத் தொடரும் பொறுப்பில் இருந்தார். ஜெர்சின்ஹோ வலது ஓரத்தை விட்டு உள்ளே நகர, ஃபக்கெட்டியும் நகர்ந்தார். அந்த ஓரம் திறந்துகிடந்தது. பீலே அவசரமே இல்லாமல் பந்தை வலப்பக்கம் தட்டிவிட, பின்னாலிருந்து ஓடிவந்த கார்லோஸ் ஆல்பெர்ட்டோ கோலுக்குள் அறைந்தார். 4-1. ஃபக்கெட்டி தனக்குச் சொன்ன வேலையைச் சரியாகத்தான் செய்தார். அதனால்தான் கோல் விழுந்தது!

நிஜத்தில் மோதியபோது...

ஜாம்பவானுக்கு எதிராக ஜாம்பவானை நிறுத்தும் சோதனை நிஜத்திலேயே சில முறை நடந்திருக்கிறது. 1966 இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் பாபி சார்ல்டனைக் கவனிக்க இளம் பெக்கன்பவரை நிறுத்தியது மேற்கு ஜெர்மனி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே ஆட்டத்தைக் கழித்தார்கள். கோல்களை வேறு ஆட்கள் போட்டார்கள். ஜெஃப் ஹர்ஸ்ட் மூன்று கோல் அடிக்க, இங்கிலாந்து 4-2 என வென்றது.

நான்கு வருடம் கழித்து, மெக்சிகோவில் நடந்த காலிறுதியில் மீண்டும் அதே இருவர். இங்கிலாந்து 2-0 என முன்னிலையில் இருந்தபோது பெக்கன்பவர் ஒரு கோலைத் திருப்பினார். சற்று நேரத்தில் சார்ல்டனை வெளியே அழைத்து மாற்று ஆளை அனுப்பியது இங்கிலாந்து. காவல் காக்க வேண்டிய ஆள் போனதும் பெக்கன்பவருக்கு முன்னேற இன்னும் வசதி. ஜெர்மனி 3-2 என ஜெயித்தது.

1986 இறுதிப் போட்டியில் பெக்கன்பவர் ஜெர்மனியின் பயிற்சியாளர். மரடோனாவைப் பிடிக்க அவர் அனுப்பிய ஆள், தன் சிறந்த நடுக்கள வீரரான மத்தேயஸ். மரடோனா அன்று கோல் எதுவும் அடிக்கவில்லை. ஆனால், 2-2 என ஆட்டம் சமமாக இருந்தபோது, சுற்றி நின்றவர்களுக்கு நடுவிலிருந்து ஒரே ஒரு பாஸ் கொடுத்தார். புருச்சாகா ஓடிப்போய் வெற்றி கோலைப் போட்டார். மரடோனாவை நோக்கி எத்தனை பேர் போகிறார்களோ, அவ்வளவு இடம் மற்ற அர்ஜென்டினா வீரர்களுக்கு மிச்சமானது.

எந்தக் காலத்துச் சட்டம்?

கனவு ஆட்டத்தில் பலர் கேட்க மறக்கும் கேள்வி இது. 1982 உலகக் கோப்பையில் இத்தாலியின் ஜென்டிலே, மரடோனாவைச் சட்டையைப் பிடித்தும் காலைத் தட்டியும் நிறுத்தினார். அந்த ஆட்டத்தில் மரடோனா மீது நடந்த ஃபவுல்களின் எண்ணிக்கை 23. ஜென்டிலேவுக்குக் கிடைத்தது ஒரு மஞ்சள் அட்டை மட்டும். இன்றைய நடுவர் என்றால், இடைவேளைக்கு முன்பே அவரை வெளியே அனுப்பியிருப்பார்.

யாஷின் காலத்தில், தன் அணிக்காரர் காலால் தட்டித் தரும் பந்தை கோல்கீப்பர் கையால் எடுக்கலாம். 1992-ல் அந்த வசதி போய்விட்டது. மஞ்சள், சிவப்பு அட்டைகளே உலகக் கோப்பைக்கு 1970-ல்தான் வந்தன. மெஸ்ஸியை 1960-களின் சேற்று மைதானத்துக்கு அனுப்புவதா, கரிஞ்சாவுக்கு இன்றைய பச்சைக் கம்பளத்தைத் தருவதா? இதை முதலில் முடிவு செய்யாவிட்டால், இருவர் இரண்டு வேறு ஆட்டங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

சில புதிர்கள் மட்டும் காலம் மாறினாலும் மாறுவதில்லை. 1953-ல் லண்டன் வெம்ப்ளியில் ஹங்கேரியின் ஹிதெக்குட்டி, நடு முன்கள வீரர் என்ற பெயரில் இறங்கி, நடுக்களத்துக்குப் பின்வாங்கி ஆடினார். கூடவே போவதா, இருந்த இடத்திலேயே நிற்பதா என்று இங்கிலாந்தின் தடுப்பு வீரருக்குப் புரியவில்லை. ஹிதெக்குட்டி மூன்று கோல் போட, ஹங்கேரி 6-3 என வென்றது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2009-ல் ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானத்தில் பார்சிலோனா பயிற்சியாளர் கார்டியோலா, மெஸ்ஸியை அதே போல் நடுவில் இறக்கி, பின்வாங்கி ஆடவைத்தார். மாட்ரிட் தடுப்பு வீரர்களும் அதே குழப்பத்தில் நின்றார்கள். பார்சிலோனா 6-2!

பட்டியலில் வராத ஆள்

கனவு அணியை நிஜமாகவே கட்டிப் பார்த்த கிளப் ஒன்று உண்டு. ரியல் மாட்ரிட் 2000-ல் ஃபிகோ, 2001-ல் ஜிடேன், 2002-ல் ரொனால்டோ, 2003-ல் பெக்காம் என வருடத்துக்கு ஒரு நட்சத்திரத்தை வாங்கியது. பெக்காம் வந்த அதே கோடையில் ஒருவர் வெளியே போனார். அவர் கிளோட் மக்கெலேலே. தடுப்பு வரிசைக்கு முன்னால் நின்று, பந்தைப் பறித்து, பக்கத்தில் இருக்கும் நட்சத்திரத்திடம் கொடுப்பது அவர் வேலை. போஸ்டரில் போட ஏற்ற வேலை அல்ல.

அடுத்த சீசனில் ரியல் மாட்ரிட் ஸ்பெயின் லீகில் நான்காம் இடம். தொடர்ந்து மூன்று சீசன்களுக்கு லீக் பட்டம் கிடைக்கவில்லை. மக்கெலேலே போய்ச் சேர்ந்த செல்சி, 2004-05 லீக் சீசனின் 38 ஆட்டங்களில் 15 கோல்களை மட்டுமே வாங்கி, இங்கிலாந்து சாம்பியன் ஆனது. எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், முன்னால் எத்தனை மேதைகளைச் சேர்த்தாலும் பின்னால் விழும் ஓட்டையை அவர்களால் அடைக்க முடியாது என்பது மாட்ரிட்டில் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

பீலேயும் கரிஞ்சாவும் சேர்ந்து ஆடிய ஒரு போட்டியில்கூட பிரேசில் தோற்றதில்லை. அந்தப் பெருமையின் அடியில் ஸீட்டோ என்ற நடுக்கள வீரரின் உழைப்பும், இடது ஓரத்திலிருந்து ஓயாமல் பின்னால் ஓடிவந்து உதவிய ஸகாலோவின் கால்களும் இருந்தன. 1998 பட்டியலிலும் 2020 பட்டியலிலும் இந்த இருவருக்கும் இடமில்லை. 2022-ல் 35 வயது மெஸ்ஸி நடந்துகொண்டே ஆட்டத்தைப் படிக்க முடிந்தது என்றால், அவருக்காக ஓட டி பால் போன்றவர்கள் அணியில் இருந்தார்கள்.

சரி, யார் ஜெயிப்பார்கள்?

தாக்குதலில் இரண்டு அணிக்கும் குறை சொல்ல முடியாது. வித்தியாசம் நடுவில்தான். அங்கே 2020 அணிக்கு மத்தேயஸ் இருக்கிறார். பந்தைப் பறிக்கவும் தெரியும், கொண்டுபோய்க் கொடுக்கவும் தெரியும். பக்கத்தில், பந்தை இழக்காமல் ஆட்டத்தின் வேகத்தையே தீர்மானிக்கும் ஸாவி. கரிஞ்சாவைச் சமாளிக்க மால்தினி திணறும்போது மத்தேயஸ் இடப்பக்கம் ஓடிவர முடியும். மெஸ்ஸி உள்ளே வரும்போது 1998 அணியில் அப்படி ஓடிவர, டி ஸ்டெஃபானோ தன் ஆட்டத்தையே மாற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரு கோல் வித்தியாசத்தில் 2020 அணியின் கை ஓங்கும்.

பிளாட்டினியை எடுத்துவிட்டு ஸீட்டோவை உள்ளே கொண்டுவந்தால்? தீர்ப்பு மாறவும் கூடும். மூன்று முறை பாலன் டி'ஓர் விருது வென்றவரை வெளியே உட்காரவைக்க மனசு வருமா என்பதுதான் கேள்வி.

அடுத்த முறை வீட்டில் இந்தச் சண்டை வந்தால், பேப்பரில் 11 பெயர்களை எழுதியதும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். பந்து பறிபோனால் திரும்பி ஓடப்போவது யார் என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காவிட்டால், உங்களுக்குப் பிடித்த நட்சத்திரம் ஒருவரை அடித்துவிட்டு ஒரு மக்கெலேலேவை எழுத வேண்டியிருக்கும். யாரை அடிப்பீர்கள்?