புயலும் படமும் இணையமும்

பேரிடர் ஒரு நாளில் முடிந்துவிடுவதன்று. ஆயினும் திரைப்படம் பெரும்பாலும் அவ்வொரு நாளையே காட்டுகின்றது. 2014-இல் வெளிவந்த ‘கயல்’ 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைத் தன் முடிவிலே வைத்தது. 2023-இல் வந்த ‘2018’ என்னும் மலையாளப் படம், அவ்வாண்டின் கேரள வெள்ளத்தையும் படகுகளோடு வந்து உயிர்காத்த மீனவரையும் காட்டி நம்மை உருக்கிற்று. நன்று, நீர் வடிந்தபின் வீடுகளிற் சேறு வாரினோர் கதை யாது?

குடுமியான்மலை அமைந்த புதுக்கோட்டை மாவட்டத்தை 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் தாக்கிற்று. மின்கம்பங்கள் சாய்ந்தன, பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் மூழ்கின. 2015-இல் சென்னை வெள்ளத்தின்போது உதவி வேண்டினோரையும் உதவுவோரையும் இணைத்த இணையம், ஈண்டு மின்சாரமின்றி வாய் மூடிற்று. (குடுமியான்மலைப் பாறையிற் பொறித்த இசைக் கல்வெட்டிற்கு அக்கவலை இல்லை!) வெளியூரார் இணையத்தின் வழியே பொருள் திரட்டி அனுப்பியதை யாம் மறுக்கவில்லை, இடருற்றோரே தம் குறையை அதில் உரைக்க இயலாமற் போயிற்று என்பதே யாம் கூறுவது.

வீழ்ந்த தென்னைக்கு ஈடாக நட்ட நெட்டைக் கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகளேனும் ஆகும். அத்துணைக் காலம் கைபேசித் திரை ஒரு செய்தியை ஏந்தி நிற்பதில்லை. கடனோடும் கன்றோடும் ஒரு குடும்பம் கழிக்கும் அவ்வாண்டுகளைப் படமாக்குவோரையே யாம் எதிர்நோக்குகின்றோம்.