சங்கத்துக் கணக்கும் ஊருக்குப் போகும் பணமும்

பெங்களூரில் பிழைக்க வந்த தமிழர்களுக்குச் சம்பள நாள் என்றால் ஊருக்குப் பணம் அனுப்பும் நாள். ஒரு காலத்தில் அதற்குத் தபாலாபீசில் நின்று மணியார்டர் பாரம் எழுத வேண்டும். ஊரில் கையெழுத்துப் போட்ட சீட்டு திரும்பி வரும் வரை மனசு நிம்மதியாக இருக்காது. இன்று பீனியாவில் நின்றபடி கைபேசியில் எண்களைத் தட்டினால், சில விநாடிகளில் திருவண்ணாமலையில் தாயாரின் கணக்கில் பணம் ஏறிவிடுகிறது.

ஆனால் அதே வீட்டில் இருக்கும் பெண்மணி, மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்கு வாரத் தவணை கட்டும்போது, பல இடங்களில் நோட்டை எண்ணிக் கொடுத்துவிட்டு அட்டையில் எழுதி வாங்க வேண்டியிருக்கிறது. இது ஏன்? இதைச் சரி செய்ய உலகெங்கும் நடந்துவரும் முயற்சி என்ன? அதில் நமது பெங்களூருக்கு உள்ள பங்கு என்ன? இவற்றைத் தெரிந்துகொள்வது நமக்கெல்லாம் பயன் தரும்.

இரண்டு வேலைகள்

பணம் புழங்கும் எந்த ஸ்தாபனத்திலும் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, கணக்கு எழுதுவது. யாருக்கு எவ்வளவு இருப்பு, யார் எவ்வளவு பாக்கி, வட்டி என்ன, அடுத்த தவணை எப்போது என்பதெல்லாம் பேரேட்டில் இருக்கும். மற்றொன்று, பட்டுவாடா. பணத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு சேர்ப்பது. ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. பேரேடு ஒருவர் கையில், ரொக்கம் இன்னொருவர் கையில். சாயங்காலம் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது!

பட்டுவாடாவுக்கான பாதை நம் நாட்டில் நன்றாகவே போடப்பட்டுள்ளது. 2008-ல் தேசிய பட்டுவாடா கழகம் அமைந்தது. 2010-ல் உடனடிப் பணமாற்றம் வந்தது. 2014 ஆகஸ்டில் ஜன் தன் திட்டம் தொடங்கி, கணக்கே இல்லாத குடும்பங்களுக்கும் பாங்கிக் கணக்கு கிடைத்தது. 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. அறிமுகமானது. எந்த பாங்கியிலிருந்தும் எந்த பாங்கிக்கும் ஒரே பொதுப்பாதை என்பதே அதன் பலம்.

ஆனால் சின்னக் கடன் சங்கங்களும் குழுக்களும் பாங்கிகள் அல்ல. அவற்றின் பேரேடு தனி. ஒரு பாங்கியின் துணையோடுதான் அவை அந்தப் பொதுப்பாதைக்கு வர முடியும். பேரேட்டையும் பாதையையும் இணைப்பதில்தான் சிக்கல்.

பெங்களூரின் பங்கு

பங்களாதேஷில் முகமது யூனுஸ் நிறுவிய கிராமீன் பாங்கி 1983 முதல் ஏழைப் பெண்களுக்கு ஜாமீன் இல்லாமல் கடன் கொடுத்து வந்தது. 2006-ல் அவருக்கும் அந்த பாங்கிக்கும் சமாதான நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கடன் முறையைப் பின்பற்றி 1999-ல் பெங்களூரில் தொடங்கியது ‘கிராமீன் கூட்டா’. இன்று அது கிரெடிட் ஆக்சஸ் கிராமீன் என்ற பெயரில் இயங்குகிறது.

இப்படிப்பட்ட ஸ்தாபனங்களுக்கு அன்று பெரிய தலைவலி கணக்குதான். ஆயிரக்கணக்கான பெண்கள், ஒவ்வொருவருக்கும் சின்னச் சின்னத் தவணை. பெரிய பாங்கிகள் வாங்கும் கம்ப்யூட்டர் சாப்ட்வேர் இவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே அமெரிக்காவிலுள்ள கிராமீன் பவுண்டேஷன் ‘மைபோஸ்’ என்ற கணக்கு சாப்ட்வேரை 2006-ல் வெளியிட்டது. தொடக்கத்திலேயே அதை எடுத்துப் பயன்படுத்தியவற்றுள் கிராமீன் கூட்டாவும் ஒன்று.

மைபோசின் விசேஷம், அது ‘ஓப்பன் சோர்ஸ்’ முறையில் வந்தது. சாப்ட்வேரின் மூல எழுத்தை யாரும் படிக்கலாம், தங்கள் தேவைக்கேற்பத் திருத்தலாம், லைசென்ஸ் கட்டணம் கிடையாது. ஊர்ப் பொதுக்கிணறு போல என்று சொல்லலாம். தண்ணீர் எல்லோருக்கும், கயிறும் வாளியும் அவரவர் பொறுப்பு. சாப்ட்வேர் இலவசமானாலும், அதை நிறுவிப் பராமரிக்க ஆளும் செலவும் வேண்டும்.

2011-ல் இந்த வேலை தனி அமைப்பின் கைக்கு மாறியது. அதன் அடிப்படை நிரல் ‘பினராக்ட்’ என்ற பெயரில் 2015 டிசம்பரில் அபாச்சி என்ற பொது அறக்கட்டளையின் பயிற்சிக் களத்துக்குள் சென்று, 2017-ல் அதன் முழுமையான திட்டமாயிற்று. இந்த நிரலை வளர்த்ததில் பெங்களூரின் கான்பிளக்ஸ் கம்பெனிக்கும் பங்குண்டு. அந்தக் கம்பெனியின் ‘பின்பிளக்ஸ்’ சாப்ட்வேரைச் சென்னையைச் சேர்ந்த எம்2பி நிறுவனம் 2022-ல் வாங்கியது.

பாலம் போடுவது எப்படி?

பினராக்ட் பேரேடு மட்டுமே. பாதை வேண்டாமா? நம்மைப்போல யு.பி.ஐ. இல்லாத நாடுகளுக்காக, கேட்ஸ் பவுண்டேஷன் 2017 அக்டோபரில் ‘மோஜாலூப்’ என்ற பட்டுவாடா சாப்ட்வேரை வெளியிட்டது. இதுவும் எல்லோருக்கும் பொது. ‘மோஜா’ என்றால் கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் ‘ஒன்று’ என்று பொருள்.

அது மூன்று படியில் வேலை செய்கிறது. முதலில், பணம் பெறுகிறவர் யார், அவர் கணக்கு எங்கே என்று தேடிச் சொல்லும். இரண்டாவது, கட்டணம் எவ்வளவு, கையில் சேருவது எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி முடிக்கும். மூன்றாவதாகத்தான் பணம் நகரும்.

பேரேட்டையும் இந்தப் பாதையையும் சேர்ப்பதற்கு மைபோஸ் அமைப்பு ‘பேமென்ட் ஹப்’ என்ற பாலத்தை உருவாக்கியது. அனுப்புகிறவர் கணக்கில் தொகையை முதலில் தடுத்து வைக்க வேண்டும். அந்தப் பக்கம் சேர்ந்தது உறுதியான பிறகே பற்று எழுத வேண்டும். சேராவிட்டால் தடையை நீக்கிவிட வேண்டும். இந்த ஒழுங்கு தவறினால் பணம் இவருக்கும் இல்லை, அவருக்கும் இல்லை என்று நடுவழியில் நின்றுவிடும்.

ஏழைக்கு இதில் என்ன?

பாலம் சரியாக அமைந்தால், தவணை கட்டிய அதே நிமிடம் பேரேட்டில் வரவு ஏறும். ‘உன் பணம் வரவில்லையே’ என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. கட்டுமானத்தில் செங்கல் சுமக்கும் பெண் ஐந்து வருடம் தவறாமல் தவணை கட்டினாள் என்பதற்கு அத்தாட்சி இருக்கும். அந்த அத்தாட்சிதான் அடுத்த கடனுக்கு அவள் காட்டக்கூடிய சொத்து.

ஆனால் சாப்ட்வேர் சர்வரோக நிவாரணி அல்ல. தவணைக்காக வாசலில் நின்று மிரட்டுவதை எந்தக் கம்ப்யூட்டரும் தடுக்காது. அதற்குச் சட்டம் வேண்டும். கட்டாய வசூலைத் தடுக்க 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது இதனால்தான்.

நாம் கேட்க வேண்டியவை

கணக்கும் பட்டுவாடாவும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் விதிகள் உள்ளன. வாசகர்கள் இவற்றை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

மைக்ரோ கடன் வாங்கியவருக்குக் கடன் அட்டை தரவேண்டும். அது அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் அதில் ஒப்புதல் இருக்க வேண்டும். இது 2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த ரிசர்வ் பாங்கியின் விதி. கன்னடம் படிக்கத் தெரியாத தமிழர், தமிழில் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

யு.பி.ஐ. மூலம் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் நம் கணக்கில் பிடிக்கப்பட்டு, அங்கே சேராவிட்டால், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு. கடைக்குச் செலுத்திய பணமானால் 5 நாள் அவகாசம். இது 2019 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கி போட்ட உத்தரவு.

புகாரை முதலில் பாங்கியிடம் எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. யாராவது ஏமாற்றிப் பணத்தைப் பறித்தால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்லுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, அனுப்புவதற்குத்தான் வேண்டும்.

பாதை எவ்வளவு வேகமானாலும், பேரேட்டில் ஏறாத ரூபாய் கட்டாத ரூபாய்தான். பணம் கொடுத்த கையோடு, ‘என் கணக்கில் ஏறிவிட்டதா, அத்தாட்சி எங்கே?’ என்று கேட்டு வாங்கும் பழக்கம் நம்மவர்கள் எல்லோருக்கும் வரவேண்டும்.