உங்களுக்குத் தெரியுமா? கொன்றவர் பெயர் கல்லில், காரணம் இருளில்

1582-இல் ஜப்பானியப் போர்த்தலைவர் ஓடா நொபுனாகாவைக் கியோத்தோவின் ஹொன்னோ கோயிலில் வளைத்தவர், அவருடைய சொந்தத் தளபதி அகெச்சி மிட்சுஹிதே. ஏன் செய்தார் என்பது இன்றும் புதிர். அதற்கு 6 நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் இதே புதிர் விழுந்துவிட்டது.

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது 970-ஐ ஒட்டி. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, கொலைத் துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது. ரவிதாசனின் பட்டம் 'பஞ்சவன் பிரமாதிராஜன்', பரமேசுவரனின் பட்டம் 'இருமுடிச்சோழ பிரமாதிராஜன்'. இவை அரசு உயர் அலுவலர்க்குரிய பட்டங்கள்! அவர்கள் சொத்து பறிமுதலானது; உறவினர் சொத்தும் அதில் சேர்ந்தது. துரோகிகளின் மகள்களை மணந்தவர்கள்கூடத் தப்பவில்லை. தூண்டியவர் யார் என்பது பற்றி மட்டும் கல் மௌனம்.

கல்வெட்டின் காலம் ஆதித்தனின் தம்பி ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு, சுமார் 987. இடையில் ஆண்டவர் உத்தம சோழர். அவர்மீது வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி ஐயம் கொண்டார்; மறுத்தவர்களும் உண்டு. பாண்டியன் தலையைக் கொண்டவன் என்று பெயரெடுத்த இளவரசன்மீது பாண்டிய நாட்டுப் பழியுணர்ச்சி பாய்ந்திருக்கலாம் என்பது மற்றொரு கருத்து. எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது.

ராஜராஜனின் காந்தளூர்ச்சாலை வெற்றியை இக்கொலைக்குப் பழிவாங்கல் என்பாரும் உண்டு. கல்வெட்டு எதுவும் அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சாலையைத் திருவனந்தபுரம் பக்கம் வைப்பதே வழக்கம்.