இழுப்பது எளிது, நிறுத்துவதே கேள்வி

2016 அக்டோபர் 7ஆம் தேதி, மெல்பர்னின் வடக்கே உள்ள பிராட்மெடோஸ் ஆலையிலிருந்து கடைசி ஃபோர்டு ஃபால்கன் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி ஆல்டோனாவில் டொயோட்டாவும், 20ஆம் தேதி தெற்கு ஆஸ்திரேலியாவின் எலிசபெத்தில் ஹோல்டனும் உற்பத்தியை நிறுத்தின. ஆஸ்திரேலியாவின் கார் தொழில் அத்தோடு முடிந்தது, கார்கள் முடியவில்லை. ஃபால்கன், ஹோல்டனின் கமடோர், டொயோட்டாவின் கேம்ரி எல்லாம் இன்றும் சாலையில் ஓடுகின்றன. அவற்றில் பலவற்றின் பின்னால் டோ பார் எனும் இழுவைத் தண்டு இருக்கிறது. விடுமுறை நாள்களில் அதில் மாட்டிய டிரெய்லரில் ஒரு மீன்பிடிப் படகு தொடர்கிறது. சிட்னியிலும் மெல்பர்னிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. அப்படி ஒரு காரை வைத்திருப்பவர் படகு வாங்கும் முன் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வண்டி இதை இழுக்குமா?" என்பதுதான். ஏறக்குறைய எந்தக் காரும் இழுக்கும். கேட்க வேண்டியது வேறு: இழுத்துக்கொண்டு போகும் பாரத்தை அது நிறுத்துமா, வளைவிலும் இறக்கத்திலும் நேராகப் பிடித்து வைக்குமா, வயதேறிய அதன் உறுப்புகள் அந்த வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்குமா?

முதலில் சட்டம். 750 கிலோ வரையுள்ள டிரெய்லருக்கு ஆஸ்திரேலியாவில் தனி பிரேக் கட்டாயமில்லை. அதைத் தாண்டி 2,000 கிலோ வரை குறைந்தது ஓர் அச்சின் சக்கரங்களிலாவது பிரேக் இருக்க வேண்டும். 2,000 கிலோவுக்கு மேல் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். டிரெய்லர் கழன்று ஓடினால் அதைத் தானே நிறுத்தும் அமைப்பும் வேண்டும். கார் எவ்வளவு இழுக்கலாம் என்பதை அதைச் செய்த நிறுவனம் சொல்கிறது. கனரக இழுவைத் தொகுப்பு பொருத்திய ஃபால்கனுக்கு 2,300 கிலோ. வி8 கமடோருக்கு 2,100 கிலோ. கேம்ரிக்கு 1,200 கிலோ, அதுவும் டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் மட்டுமே. இல்லாவிட்டால் 500 கிலோ. நிறுவனம் எதுவும் குறிப்பிடாத காருக்கு நியூ சவுத் வேல்ஸ் போன்ற மாநிலங்களில், பிரேக் உள்ள டிரெய்லர் காரின் வெற்று எடையைப் போல் ஒன்றரை மடங்கு வரை இருக்கலாம். பிரேக் இல்லாதது 750 கிலோவையும் காரின் எடையையும் தாண்டக் கூடாது. காரின் எண், டோ பாரின் எண், டிரெய்லர் மாட்டும் உருண்டையான டோ பாலின் எண், டயரின் எண் ஆகிய நான்கில் எது சிறியதோ அதுவே உண்மையான எல்லை. பழைய கார்களில் டோ பார் பிற்பாடு பொருத்தியதாக இருப்பதுண்டு. அதில் அடித்திருக்கும் தகட்டைப் படிக்காமல் காரின் கையேட்டை மட்டும் நம்புவது போதாது.

அடுத்தது படகின் எடை. விற்பவர் சொல்வது பெரும்பாலும் படகின் வெற்று உடல் எடை. உள்ளூரில் 'டின்னி' எனப்படும் பன்னிரண்டடி அலுமினியப் படகு, சிறு மோட்டார், டிரெய்லர் எல்லாம் சேர்ந்தும் 400 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஐந்து மீட்டர் கண்ணாடியிழைப் படகின் கதை வேறு: மோட்டார், டிரெய்லர், எரிபொருள், நங்கூரம், பேட்டரி எல்லாம் சேர்ந்தால் 1,000 கிலோவை எளிதாகத் தாண்டும். நூறு லிட்டர் பெட்ரோல் மட்டும் எழுபது கிலோவுக்கு மேல். பனிக்கட்டிப் பெட்டி, தண்ணீர், தூண்டில் சாமான் என்று ஏறும் ஒவ்வொன்றும் கணக்கில் வரும். பொது எடைமேடையில் ஒருமுறை நிறுத்தி எடை பார்ப்பதற்கு ஆகும் செலவு, வேறெந்தச் செலவையும்விடச் சிறியது.

எடை தெரிந்தபின் நிறுத்தத்தைக் கணக்கிடலாம். ஆட்களோடு 2,000 கிலோ இருக்கும் ஒரு கார், தனி பிரேக் இல்லாத 750 கிலோ டிரெய்லரை இழுக்கிறது என்று கொள்வோம். காரின் நிறுவனம் அனுமதித்திருந்தால் சட்டப்படி இது சரி. ஆனால் காரின் பிரேக்குகள் இப்போது முன்னைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதலான எடையை நிறுத்தியாக வேண்டும். வேகம் இதை இன்னும் மோசமாக்குகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடுவதால், 80 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 100இல் அது 56 சதவீதம் அதிகம். அவ்வளவும் பிரேக்கில் வெப்பமாக மாறியே தீர வேண்டும். இங்கேதான் காரின் வயது குறுக்கே வருகிறது. பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி; ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. நீண்ட மலை இறக்கத்தில் திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் உருவானால், மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. அன்றாடம் கடைக்கும் வேலைக்கும் போய்வரும்போது இந்தக் குறை வெளியே தெரிவதே இல்லை. படகை மாட்டிய நாளில்தான் தெரியும்.

நிறுத்தத்துக்கு அடுத்தது நிலைப்பு. மாட்டுவண்டியில் பாரம் ஏற்றத் தெரிந்தவருக்கு முன்பாரம், பின்பாரம் என்ற கணக்கு புதிதல்ல: பின்பாரம் மிஞ்சினால் நுகம் மேலே தூக்கும். டிரெய்லரிலும் அதே விதிதான். மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு டோ பாலின்மேல் அழுந்த வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் வழக்கமான அளவு. அது குறைந்தால் வேகம் கூடக்கூட டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். காரையும் சேர்த்து ஆட்டும். அழுத்தம் மிகுந்தாலும் ஆபத்தே. பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளியிருக்கும் டோ பாலில் 100 கிலோ அழுந்தினால், 2.8 மீட்டர் அச்சிடைவெளி உள்ள காரின் பின் அச்சில் 143 கிலோ கூடுகிறது. முன் அச்சில் 43 கிலோ குறைகிறது. திசை திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கைச் சுமப்பதும் அந்த முன்சக்கரங்கள்தான். பின் ஸ்பிரிங்குகள் தளர்ந்த பழைய கார் இன்னும் தாழ்ந்து உட்காரும். ஆட்டம் தொடங்கிவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிப்பது நிலைமையைக் கெடுக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுவதே முறை.

ஆகவே தொழிற்சாலை தந்த எண்ணை, புதிய காருக்கான உச்சவரம்பாக மட்டுமே பார்க்க வேண்டும். 2,300 கிலோ என்று எழுதியபோது அந்த ஃபால்கனின் அடிச்சட்டத்தில் துரு இல்லை. ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியின் எண்ணெய் கருகியிருக்கவில்லை. ரேடியேட்டரில் அடைப்பு இல்லை. பாரம் இழுக்கும்போது கியர்பெட்டி அதிகம் சூடாகும். அந்தச் சூடே அதன் ஆயுளைத் தின்னும். படகு இறக்கும் சரிவுப் பாதை இன்னொரு சோதனை. கேம்ரி போன்ற முன்சக்கர இயக்கக் கார், பாரம் பின்னோக்கிச் சாயும் ஈரச் சரிவில் பிடிமானம் இழந்து சுழலக்கூடும். நீண்ட நாள் சரிபார்க்காத கை பிரேக் அந்த எடையைத் தாங்காமல் போகலாம். டிரெய்லருக்கும் வயது உண்டு. ஓடிச் சூடேறிய சக்கர பேரிங் உப்பு நீரில் சட்டென்று குளிர்ந்தால் நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு துருப்பிடித்து நெடுஞ்சாலையில் சிக்கிக்கொள்ளும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. "அந்தக் காலத்தில் இதைவிடச் சிறிய ஹோல்டன்கள் கேரவனையே இழுத்தனவே" என்பார்கள். இழுத்தன, ஆனால் வேகம் குறைவு, வாகன நெரிசலும் குறைவு. ஆஸ்திரேலியச் சாலைகள் மிக அதிகமான உயிர்களைப் பறித்த ஆண்டு 1970. அந்த ஓராண்டில் 3,798 பேர் இறந்தார்கள். டிரெய்லர்கள் அதற்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்துச் சாலைப் பழக்கத்தைப் பாதுகாப்புக்கு அத்தாட்சியாகக் காட்ட முடியாது என்பதே இங்கே பொருள். இன்னொரு சாரார், "3,500 கிலோ இழுக்கும் யூட் ஒன்றை (பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள வண்டி) வாங்கிவிட்டால் தீர்ந்தது" என்பார்கள். 400 கிலோ டின்னிக்காக அவ்வளவு பெரிய வண்டியும் அதன் கடனும் எதற்கு? யூட்டும் கணக்கிலிருந்து தப்பாது: வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கு ஒரு வரம்பு இருப்பதால், பல யூட்களில் ஆட்களையும் சாமானையும் முழுதாக ஏற்றிக்கொண்டு 3,500 கிலோவை இழுக்க முடியாது. "சட்டம் அனுமதிக்கிறதே" என்பது மூன்றாவது வாதம். சட்டத்துக்கு உங்கள் காரின் பிரேக் திரவத்தின் வயது தெரியாது. அந்தக் கணக்கு உரிமையாளரின் பொறுப்பு.

பழைய காரை வைத்துப் படகு இழுக்கவே கூடாது என்பது இந்தக் கட்டுரையின் முடிவல்ல. நன்றாகப் பராமரித்த ஃபால்கனோ கமடோரோ, சிறு படகை இழுப்பதற்கு நியாயமான, சிக்கனமான வழிதான். ஆனால் பத்து வயது தாண்டிய காருக்குத் தொழிற்சாலை எண்ணில் மூன்றில் இரண்டு பங்கையே எல்லையாகக் கொள்ளுங்கள். இது சட்டமல்ல, இந்தக் கட்டுரையின் பரிந்துரை. அப்படிப் பார்த்தால் கேம்ரிக்கு 800 கிலோ: டின்னிக்குத் தாராளம், கண்ணாடியிழைப் படகுக்குப் போதாது. 500 கிலோவைத் தாண்டினால், கட்டாயம் இல்லாவிட்டாலும் டிரெய்லருக்குத் தனி பிரேக் போடுங்கள். பயணத்துக்கு முன் பிரேக் திரவத்தையும் கியர்பெட்டி எண்ணெயையும் மாற்றுங்கள், டோ பாரின் அடியில் துரு இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள், எடைமேடைக்கு ஒருமுறை போய் வாருங்கள். இவ்வளவையும் செய்ய மனமில்லை என்றால், படகை வாடகைக்கு எடுங்கள்.