பதினொரு படுக்கைகளிலிருந்து

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வீரசோழன், நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் வயதானவருக்குக் கண் மங்கினால் அதை நோயாக எண்ணியவர்கள் குறைவு. ‘பொரை விழுந்திருச்சு’ என்பார்கள். மானாவாரிக் காட்டுக்குக் களையெடுக்கப் போனவர் திண்ணையோடு நின்றுவிடுவார். மதுரைக்குப் போவதென்றால் பஸ் காசு வேண்டும், கூட வருபவரின் கூலி போகும், ஆஸ்பத்திரியில் பல நாள் படுக்க வேண்டும். புரையோடு கண்ணின் லென்ஸையும் எடுத்துவிடும் சிகிச்சை அது. பிறகு ஆயுளுக்கும் சோடாபுட்டிக் கண்ணாடிதான். அது உடைந்தால் மறுபடி மங்கல்.

இதை மாற்றியவர்களில் முன்னால் நிற்பவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில், இதே வறண்ட சீமையின் உழவர் வீட்டில், 1918இல் பிறந்தவர். மகப்பேறு மருத்துவராக விரும்பியவரின் விரல்களை முடக்குவாதம் திருகிப்போட்டது. கண் மருத்துவத்துக்கு வந்து, அந்த விரல்களுக்கேற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தார். ஸ்ரீஅரவிந்தரின் அடியவர். மணம் செய்துகொள்ளவில்லை. நோயாளிக்கு ஆற்றும் பணியையே தன் யோகமாகக் கொண்டார்.

1976இல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று அதன் கிளைகளில் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய பாதி, இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ செய்யப்படுபவை. காசு கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் அறுவை செய்பவர்கள் அதே மருத்துவர்கள். இந்த ஒன்றுக்காகவே அவரை வணங்கலாம்.

வெறும் இரக்கம் ஒரு கிழவரை மதுரைக்குக் கொண்டுவராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அன்று பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு, அங்கேயே மேசை போட்டு அறுவை செய்தார்கள். பின்னர் முகாமில் பரிசோதனை மட்டும் என்றாயிற்று. புரையுள்ளவர்களை பஸ்ஸில் மருத்துவமனைக்கு அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். எடுத்த லென்ஸுக்குப் பதிலாகக் கண்ணுக்குள் வைக்க வெளிநாட்டிலிருந்து வந்த செயற்கை லென்ஸ் அப்போது 100 டாலருக்கும் மேல். 1992இல் அரவிந்த் தொடங்கிய அரோலேப் என்ற தொழிற்கூடம் அதை மதுரையிலேயே செய்து, விலையைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கியது. சோடாபுட்டிக் கண்ணாடி தெருவிலிருந்து மறைந்ததற்கு அந்த லென்ஸ் முக்கியக் காரணம்.

பார்வை மங்கிய தாத்தாவின் கோலை முன்னால் பிடித்து நடத்திச் செல்லும் பேரனையும் இப்போது காண முடிவதில்லை. அது நல்லதுதான், அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகிறான். ஆனால் படித்து முடித்துத் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறான். அறுவை இன்று சில நிமிட வேலை. அதற்குப் பிறகு பல வாரம் சொட்டு மருந்து விட வீட்டில் ஆள் தேட வேண்டியிருக்கிறது.

வெங்கடசாமி 2006இல் மறைந்தார். இப்போது சிற்றூர்களை அடுத்து அரவிந்தின் நூற்றுக்கும் மேற்பட்ட பார்வை மையங்கள் இருக்கின்றன. பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண் கண்ணைச் சோதிக்கிறார். தொலைவிலிருக்கும் மருத்துவர் கணினி வழியே பார்த்து ஆலோசனை சொல்கிறார். இன்று புரையைவிட அஞ்ச வேண்டியது சர்க்கரை நோயால் கெடும் விழித்திரை. புரையில் மங்கிய பார்வை அறுவையில் திரும்பிவிடும். விழித்திரை கெட்டுப் போன பார்வையைப் பெரும்பாலும் மீட்க முடியாது. தொடக்கத்தில் வலியோ மங்கலோ இராததால், அன்று புரைக்கு இருந்ததைப் போலவே பார்வை குறையும் வரை வீட்டிலிருந்து விடுகிறார்கள்.